மறதி வந்தால் கிருமி மூளைக்கு ஏறிவிட்டதா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். வயது 56. பல வருடமாக எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறேன். வைரல் லோடு (ரத்தத்தில் கிருமியின் அளவு) கட்டுக்குள் இருக்கிறது என்கிறார்கள். சர்க்கரைக்குத் தனியார் டாக்டரிடம் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு வாங்குகிறேன். அவருக்கு எச்.ஐ.வி. விஷயம் தெரியாது. இப்போது மறதி அதிகம். தக்காளி மண்டியில் வாங்கிய பணத்தையே மறுபடி கேட்டுவிட்டேன். கிருமி மூளைக்கு ஏறிவிட்டதா டாக்டர்?

பதில்: அம்மா, எச்.ஐ.வி. மூளையைத் தொடாது என்று சொல்லமாட்டேன். சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் மிகவும் குறைந்த பிறகு சிகிச்சை தொடங்கியவர்களுக்கு யோசனை கொஞ்சம் மந்தப்படுவது உண்டு. ஆனால் வைரல் லோடு கட்டுக்குள் இருப்பவர்களுக்குப் பெரிய ஞாபகக் கோளாறு இப்போது அபூர்வம். அதனால் கிருமியைக் குற்றம் சொல்வதற்கு முன் மற்றதைப் பார்த்துவிடலாம்.

எனக்குக் கவலை உங்கள் சர்க்கரை மாத்திரை மேல்தான். ஏ.ஆர்.டி. மையத்தில் இப்போது பெரும்பாலோருக்குத் தரும் மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து இருக்கிறது. அது மெட்ஃபார்மினை உடம்பில் அதிகம் தங்கவைக்கும். சேர்த்துச் சாப்பிடும்போது மெட்ஃபார்மின் பொதுவாக ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. உங்கள் டாக்டருக்கு விஷயமே தெரியாதபோது அவர் எப்படிக் கணக்குப் போடுவார்? மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம்; அதனாலேயே மறதி வரலாம். கிளிமிபிரைடு போட்டுவிட்டு விடியற்காலையில் வெறும் வயிற்றோடு மண்டிக்குப் போனால் சர்க்கரை தாழ்ந்து தலை குழம்பலாம். ஒரு வாய் களியாவது சாப்பிட்டுப் போங்கள்.

நோயாளி சம்மதமில்லாமல் எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தைரியமாகச் சர்க்கரை டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால், சர்க்கரை மாத்திரை அட்டைகளை அப்படியே ஏ.ஆர்.டி. டாக்டரிடம் காட்டுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவேண்டாம்.

தூக்கம் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அப்படியென்றால் காலையில் சாப்பிடலாமா என்று கேளுங்கள். அப்புறம், இத்தனை வருடம் ஒளித்து ஒளித்து மாத்திரை விழுங்கும் பாரம் சாதாரணமா? மனச்சோர்வும் சிலருக்கு மறதியாகத்தான் முதலில் தெரியும். மையத்தில் இருக்கும் ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

இந்த மாதம் மாத்திரை வாங்கப் போகும்போதே பி12, தைராய்டு, ஹீமோகுளோபின், சிறுநீரகச் சோதனை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் கை கால் பலவீனம், வாய் குழறல், வலிப்பு, காய்ச்சலோடு கடும் தலைவலி என்று எது வந்தாலும் அந்தத் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.