பிரான்சின் லுவார் ஆற்றுப் பகுதியில் நான்கு நாளில் என்னென்ன வரலாற்று இடங்களைப் பார்க்கலாம்?

நான்கு நாளைக்கு நான்கு இடங்கள் போதும்: ஷெனோன்சோ, அம்புவாஸ், ஷாம்போர், ஃபோந்தெவ்ரோ. காலையில் பாரிசில் பேருந்தில் ஏற்றி, மூன்று அரண்மனைகளைக் காட்டி, இரவே திரும்பக் கொண்டுவந்து விடும் சுற்றுலாக்கள் உண்டு. தயவுசெய்து அதில் போகாதீர்கள். மூன்றாவது இடத்துக்கு வருவதற்குள் முதலாவது எது என்பதே மறந்துபோகும்.

இந்த ஆற்றங்கரையில் இத்தனை அரண்மனைகள் எப்படி வந்தன? இங்கிலாந்தோடு நடந்த நூறாண்டுப் போரில் பாரிஸ் ஆங்கிலேயர் பக்கம் போனபோது, பட்டத்துக்கு உரிய சார்லஸ் ஒதுங்கி வந்தது இந்தப் பக்கம்தான். 1429-இல் ஜோன் ஆஃப் ஆர்க் அவரைச் சந்தித்த ஷினோன் கோட்டையும் இங்கேதான் இருக்கிறது. அதன்பின் சுமார் நூறு ஆண்டுகள் அரசவை இந்த ஆற்றோரமே சுற்றிவந்தது. மன்னர் இருக்கும் இடத்தில் கருவூல அதிகாரிகளும் வீடு கட்டத்தானே செய்வார்கள்! கட்டுவதற்கு இங்கேயே மிருதுவான வெள்ளைச் சுண்ணாம்புக் கல் கிடைத்தது. ஏற்றிவரப் படகும் இருந்தது.

வழிகாட்டிகள் பெரும்பாலும் கட்டிய மன்னரோடு கதையை முடித்துவிடுகிறார்கள். மன்னர் போன பிறகு அந்தக் கட்டடம் என்ன ஆனது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். எனக்கு இந்த ஊர்கள் பிடித்துப்போனது அதனால்தான்.

முதலில் ஷெனோன்சோ. லுவாரின் துணையாறான ஷேர் ஆற்றின் குறுக்கே நிற்கும் அரண்மனை இது. 1513-இல் தோமா போயே என்ற நிதி அதிகாரி இதை வாங்கினார். அவர் போரும் வேலையுமாக வெளியே இருக்க, கட்டுமானத்தை முன்னின்று நடத்தியவர் மனைவி கத்தரீன் பிரிசோனே. பிறகு இரண்டாம் ஆன்றி மன்னரின் காதலி தியான் தெ புவாத்தியே கைக்கு வந்தது. ஆற்றின் மேல் பாலம் போட்டவர் அவர். மன்னர் 1559-இல் இறந்ததும் அரசி கத்தரீன் தெ மெதிச்சி தியானிடமிருந்து இதை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஷோமோன் அரண்மனையைக் கொடுத்தார். பாலத்தின் மேல் 60 மீட்டர் நீளக் கூடத்தை எழுப்பியதும் அவரே. இதுவரை எல்லாரும் சொல்வார்கள்.

எனக்கு அந்தக் கூடத்தில் நின்றால் மனதில் வருவது வேறு இரண்டு காட்சிகள். முதல் உலகப் போரில் அது மருத்துவமனை. அப்போது அரண்மனைக்கு உரிமையாளராக இருந்த சாக்லேட் தொழிலதிபர் கஸ்தோன் மெனியே தன் செலவில் நடத்தினார். 2,000-க்கும் மேற்பட்ட காயம்பட்ட சிப்பாய்கள் அங்கே சிகிச்சை பெற்றார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் நடுவே எல்லைக்கோடாக ஓடியது இந்த ஷேர் ஆறு. முன்வாசல் ஜெர்மானியர் பக்கம், கூடத்தின் தென்கோடிக் கதவு மறுபக்கம். அந்தக் கதவு வழியாகத் தப்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். அங்கே போனால் கூடத்தின் கடைசிவரை நடந்து அந்தக் கதவைப் பாருங்கள். அவசரத்தில் பலர் பாதியிலேயே திரும்பிவிடுகிறார்கள்.

அம்புவாஸ் என்றதும் எல்லாரும் லியொனார்டோ டா வின்சியைச் சொல்வார்கள். நியாயம்தான். 1516-இல் முதலாம் பிரான்சுவா மன்னரின் அழைப்பில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வந்தவர் மோனாலிசா ஓவியத்தையும் உடன் கொண்டுவந்தார். க்ளோ லூசே என்ற மாளிகையில் தங்கி, 1519 மே 2-இல் அங்கேயே காலமானார். அம்புவாஸ் கோட்டை வளாகத்துச் சிற்றாலயத்தில் அவருடையதாகக் கருதப்படும் கல்லறை இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்ததோடு கிளம்பிவிடாதீர்கள். அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போராடிய அப்துல் காதர் அமீரைக் குடும்பத்தோடும் பரிவாரத்தோடும் 1848 முதல் 1852 வரை சிறை வைத்தது இந்தக் கோட்டையில்தான். அவரோடு வந்தவர்களில் அங்கேயே இறந்தவர்களுக்குத் தோட்டத்தில் நினைவுக் கற்கள் வைத்திருக்கிறார்கள். காலனி ஆட்சியைப் பார்த்த நாட்டிலிருந்து போகிற நாம் அங்கே சற்று நேரம் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஷாம்போரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1519-இல் தொடங்கிய பிரம்மாண்டம். நானூறுக்கும் மேல் அறைகள், சுற்றிலும் 32 கிலோமீட்டர் மதில். நடுவே ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஏறும் இரட்டைச் சுழல் படிக்கட்டு: ஒன்றில் ஏறுகிறவரும் மற்றதில் இறங்குகிறவரும் சாளரம் வழியே பார்த்துக்கொள்ளலாம், எதிர்ப்படவே மாட்டார்கள். கட்டிய பிரான்சுவா மன்னர் தன் ஆயுளில் இங்கே தங்கியது எல்லாம் சேர்த்துச் சில வாரங்கள்தான். அதனாலோ என்னவோ உள்ளே ஒரு வெறுமை; நான்கில் ஒன்றை விட வேண்டும் என்றால் இதைத்தான் விடச் சொல்வேன். ஆனாலும் 1939-இல் போர் மூளும் நேரத்தில் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் ஓவியங்களைப் பெட்டி பெட்டியாக இங்கேதான் கொண்டுவந்தார்கள். மோனாலிசாவும் வந்தது. லியொனார்டோ அதைக் கொண்டுவந்த அதே ஆற்றங்கரைக்கு.

ஃபோந்தெவ்ரோவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். 1101-இல் தொடங்கிய துறவி மடம். ஆண்களும் பெண்களும் இருந்த இந்த மடத்துக்குத் தலைமை எப்போதும் ஒரு பெண்ணிடமே இருந்தது, பிரெஞ்சுப் புரட்சி வரைக்கும். தேவாலயத்தில் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி, அவர் மகன் சிங்கநெஞ்சர் ரிச்சர்ட், ஹென்றியின் அரசி எலினோர் ஆகியோரின் படுத்த நிலைச் சிற்பங்கள் உண்டு. எலினோர் கையில் திறந்த புத்தகம். புரட்சிக்குப் பின் நெப்போலியன் 1804-இல் இதைச் சிறைச்சாலை ஆக்க ஆணையிட்டார். 1963 வரை சிறையாகவே இருந்தது. மூடிய பிறகும் சில கைதிகளை வைத்தே சீரமைப்பு வேலை நடந்தது. பளிச்சென்று வெறுமையாக நிற்கும் அந்த வெள்ளைச் சுவர்களை இதைத் தெரிந்துகொண்டு பாருங்கள்.

தங்குவதற்கு தூர் நகரம் வசதி. பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து அம்புவாஸ், ஷெனோன்சோ இரண்டுக்கும் உள்ளூர் ரயில் உண்டு. ஷெனோன்சோ நிலையம் அரண்மனை வாசலிலேயே இருக்கிறது. ஷாம்போருக்கு ப்ளுவாவில் இறங்கி, சீசன் மாதங்களில் பேருந்து, மற்ற நேரத்தில் டாக்சி அல்லது சைக்கிள். ஃபோந்தெவ்ரோவுக்கு ரயில் கிடையாது, சோமூர் வரை போய்ச் சாலை வழியாகப் போக வேண்டும். மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஆகஸ்டில் கூட்டம் நெரியும். ஊர்ச் சந்தையில் சேன்த்-மோர் என்ற ஆட்டுப்பால் சீஸ் கேளுங்கள், நடுவில் வைக்கோல் தண்டு செருகியிருக்கும். ரொட்டியோடு அதுவே ஒரு வேளைச் சாப்பாடு.

ஐந்தாம் நாள் ஒன்று கிடைத்தால் ஆன்ஜே கோட்டை. பைபிள் சொல்லும் உலக முடிவுக் காட்சிகளை 14-ஆம் நூற்றாண்டில் நெய்த திரைச்சீலைகள், இன்றைக்கு மிஞ்சியது மட்டும் சுமார் 100 மீட்டர் நீளம். புரட்சிக் காலத்தில் அதைத் துண்டு போட்டு, குதிரை லாயத்திலும், பனியில் ஆரஞ்சு மரங்களைப் போர்த்தவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில்தான் துண்டுகளைத் தேடிச் சேர்த்துத் தைத்தார்கள். சாயம் வெளுக்காமல் இருக்கக் கூடத்தில் விளக்கைக் குறைத்தே வைத்திருப்பார்கள். கண் பழகச் சில நிமிடம் ஆகும், அதுவரை உட்கார்ந்துவிட்டுப் பிறகு பார்க்கத் தொடங்குங்கள்.