யானை கேட்டது என்ன?

கேள்வி: இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேரனுக்குக் கஜேந்திர மோட்சம் சொன்னேன், குளத்தில் முதலை காலைக் கவ்விய யானையைப் பெருமாள் வந்து காப்பாற்றிய கதை. "ஆயிரம் வருஷம் தண்ணியில நின்னா யானை என்ன சாப்பிட்டிருக்கும் பாட்டி?" என்கிறான். என் மகளோ, "எல்லாம் உருவகம்மா. குளம் சம்சாரம், அதாவது இந்த உலக வாழ்க்கை; முதலை கர்மா" என்கிறாள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவரை ஆறு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். குளம்தான் சம்சாரம் என்றால், நான் எதிலிருந்து கரையேற வேண்டும்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் பேரனுக்கு. இத்தனை வருஷம் இரண்டும் உயிரோடு இருக்கின்றனவே என்று தேவர்களே வியந்தார்களாம், பாகவதம் சொல்கிறது. யானை ஒன்றும் சாப்பிடவில்லை, இளைத்துக்கொண்டே போனது. முதலைக்குத் தண்ணீர் சொந்த வீடு. அதன் பலம் ஏறிக்கொண்டே போனது. பையன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான்!

எனக்குப் பாபநாசம் பக்கம். கஜேந்திரனுக்கு அருளிய தலம் என்று சொல்லப்படும் கபிஸ்தலம் பக்கத்தில்தான். கதை சொல்லும்போது எங்கள் பாட்டி முதலைக்குப் பதிலாக என் கணுக்காலைப் பிடித்துக்கொள்வாள். ரொம்ப நாள் வரை நான் எந்தக் குளத்திலும் கால் வைக்கவில்லை.

இப்போது உங்கள் மகளின் பட்டியல். தப்பில்லை, பெரியவர்கள் சொன்னதுதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் 'பொருத்துக' போடுவதுபோல் கதையைப் படித்தால், கடைசியில் வீட்டில் யாராவது ஒருவரை முதலை ஆக்கிவிடுவோம். உங்கள் கடிதத்தில் அந்தப் பயம் தெரிகிறது. உங்கள் கணவர் முதலை இல்லை அம்மா.

பாகவதத்தில் எட்டாம் ஸ்கந்தம் (எட்டாம் பகுதி), மூன்றாம் அத்தியாயத்தைப் பாருங்கள். கூட வந்த யானைகள் இழுத்துப் பார்த்து முடியாமல் போனபின் கஜேந்திரன் துதிக்கிறான். "முதலையிடமிருந்து விடுவி, பிழைத்துப் போகிறேன்" என்றா கேட்கிறான்? இல்லை. உள்ளும் புறமும் மூடிக் கிடக்கும் இந்த யானைப் பிறவியோடு பிழைத்து என்ன செய்ய, காலம் போனாலும் கரையாத திரை ஒன்று ஆத்மாவை மறைக்கிறதே, அதிலிருந்து விடுதலை கொடு என்கிறான். அப்போதும் கால் முதலை வாயில்தான் இருக்கிறது. குளமும் வற்றவில்லை. அவன் மனசு மட்டும் எங்கேயோ போய்விட்டது.

இன்னொன்று. அந்தத் துதி அவன் முற்பிறவியில் கற்றது. அப்போது அவன் இந்திரத்யும்னன் என்ற பாண்டிய மன்னன், நல்ல விஷ்ணு பக்தன். மௌன விரதத்தோடு பூஜையில் இருந்தபோது அகத்தியர் வந்தார், அவன் எழுந்து உபசரிக்கவில்லை. அதற்குத்தான் சாபம். பூஜையறைக் கதவைச் சாத்திக்கொண்டாலே விடுதலை என்றால் அவனுக்கு எதற்கு யானைப் பிறவி? வந்தவரைக் கவனிக்காததற்கு அவன் மாட்டினான். நீங்கள் ஆறு வருஷமாகக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

அந்த அத்தியாயம் மொத்தமே 33 சுலோகம். தமிழ் உரையோடு கிடைக்கிறது. ராத்திரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதிலும் விழுகிற மாதிரி சத்தமாகப் படியுங்கள். அப்புறம், பேரனிடம் மறக்காமல் சொல்லுங்கள்: முதலைக்கும் அன்றைக்கே சாபம் தீர்ந்தது. அது ஹூஹூ என்ற கந்தர்வன். அந்தப் பெயருக்குச் சிரிப்பான்.