இந்தியப் பாஸ்போர்ட்டில் மொரீஷியஸ் போக முன்கூட்டியே விசா எடுக்க வேண்டுமா? இறங்கியதும் கொடுப்பார்களா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: அப்பா அம்மாவை மொரீஷியஸில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். டிராவல்ஸ்காரர் "விசாவெல்லாம் ஒன்றும் வேண்டாம், டிக்கெட் போட்டால் போதும்" என்கிறார். நம்பலாமா?

பாதி நம்பலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சுற்றிப் பார்க்கவோ உறவினரைப் பார்க்கவோ வருவதென்றால், முன்கூட்டியே தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை. இங்கே மொரீஷியஸ் விமான நிலையத்தில் இறங்கியதும் 60 நாள் வரை முத்திரை போட்டுக் கொடுக்கிறார்கள். கட்டணம் கிடையாது. ஆனால் "விசா வேண்டாம்" என்பது வேறு, "விசா அங்கே போனதும் கிடைக்கும்" என்பது வேறு. இரண்டாவதில், தூதரகத்தில் கேட்கும் கேள்விகளையெல்லாம் கவுண்டரில் நின்றபடி கேட்பார்கள். கையில் காகிதம் இல்லாமல் முழிக்க வேண்டியதும் அங்கேதான்.

நான் கும்பகோணத்துக்காரி. கணவருக்கு மொரீஷியஸில் ஏபேன் என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலை, வீடு பக்கத்திலேயே ரோஸ் ஹில்லில். என் பிரசவத்துக்கு அம்மா வந்தபோது துணைக்குச் சித்தியும் வந்தார். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். செய்யக்கூடிய தவறுகளில் பாதியை நாங்களே செய்து முடித்துவிட்டதால் தைரியமாகச் சொல்கிறேன்.

முதல் சோதனை மொரீஷியஸில் இல்லை, சென்னையிலேயே ஆரம்பித்துவிட்டது. குழந்தை எப்போது பிறக்கும், எத்தனை நாள் தங்குவது என்று தெரியாததால், "திரும்புவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று போகும் டிக்கெட் மட்டும் எடுத்திருந்தோம். செக்-இன் கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "ரிட்டர்ன் டிக்கெட் எங்கே?" என்றார். இல்லை என்றதும் போர்டிங் பாஸ் தர மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இங்கே உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினால், அந்த ஆளைத் திரும்பக் கொண்டுபோய் விடுகிற பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில்தான் விழும். அதனால் இறங்கியதும் விசா கொடுக்கும் நாடுகளுக்குப் போகும்போது, இமிகிரேஷன் அதிகாரியை விட செக்-இன் கவுண்டரில்தான் கெடுபிடி அதிகம். தம்பி வரிசையை விட்டு ஒதுங்கி நின்று, செல்போனிலேயே அந்த நேரத்து விலைக்கு இரண்டு ரிட்டர்ன் டிக்கெட் எடுத்தான். எவ்வளவு என்று இன்று வரை அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆகவே ரிட்டர்ன் டிக்கெட்டைக் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி 60 நாளுக்குள் இருக்கட்டும். தங்கும் நாள் நிச்சயமில்லை என்றால், கொஞ்சம் காசு கூடப் போனாலும் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள்.

அடுத்தது ஆன்லைன் படிவம். 'மொரீஷியஸ் ஆல்-இன்-ஒன் டிராவல் டிஜிட்டல் ஃபார்ம்' என்று பெயர். முன்பு விமானத்தில் உட்கார்ந்து பேனா கடன் வாங்கி நிரப்பிய அட்டைகளுக்குப் பதிலாக வந்தது. கிளம்புவதற்கு முன் ஆளுக்கொன்று நிரப்ப வேண்டும். முடித்ததும் ஒரு கியூஆர் கோடு வரும். அதைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள், பெரியவர்களின் செல்போனை நம்ப வேண்டாம். இந்தப் படிவத்துக்குப் பணம் கிடையாது. கூகுளில் தேடினால் "நாங்கள் நிரப்பித் தருகிறோம்" என்று டாலரில் காசு கேட்கும் தளங்களும் வரும், மேலே வருவதாலேயே அவை அரசுத் தளம் ஆகிவிடாது. பெற்றோருக்காக நீங்களே உட்கார்ந்து நிரப்புங்கள். தங்கும் முகவரி என்ற இடத்தில் வெறும் ஊர்ப் பெயரை எழுதாமல், அண்ணன் வீட்டு எண், தெரு, அவருடைய மொரீஷியஸ் செல்போன் எண் எல்லாவற்றையும் போடுங்கள்.

சரி, இமிகிரேஷன். ஓட்டலில் தங்குபவர்களுக்கு இது சுலபம்: புக்கிங் காகிதம், ரிட்டர்ன் டிக்கெட், செலவுக்குப் பணம் இருப்பதற்கு அடையாளம். ஒரு நாளைக்கு ஆளுக்கு 100 டாலர் என்பது அவர்கள் கணக்கு. அவ்வளவையும் நோட்டாகக் கட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை, வெளிநாட்டில் வேலை செய்யும் கார்டும் பேங்க் ஸ்டேட்மெண்டும் இருந்தால் போதும். சொந்தக்காரர் வீட்டில் தங்குபவர்களுக்குத்தான் கொஞ்சம் வேலை. ஓட்டல் புக்கிங்குக்குப் பதிலாக, "இவர்கள் என் வீட்டில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தங்குவார்கள், செலவு என் பொறுப்பு" என்று வீட்டுக்காரர் எழுதிய கடிதம் வேண்டும். கூடவே அவருடைய பாஸ்போர்ட், இங்கே வசிக்கும் அனுமதி இரண்டின் நகலும், முகவரிக்கு மின்சார பில் நகலும் வையுங்கள். நான் எல்லாவற்றையும் ஒரு பச்சை ஃபைலில் போட்டு, மேலே தமிழில் 'இமிகிரேஷனில் கேட்டால் காட்டவும்' என்று எழுதியே அனுப்பியிருந்தேன்.

அம்மா அந்த ஃபைலைப் பத்திரமாக வைத்திருந்தார். எங்கே? பெரிய சூட்கேஸில், பட்டுப் புடவைக்கு அடியில். தொலைந்துவிடக் கூடாதாம்.

சூட்கேஸ் வரும் பெல்ட் இமிகிரேஷனுக்கு அந்தப் பக்கம். அதைத் தொட வேண்டுமானால் முதலில் முத்திரை விழ வேண்டும், முத்திரை விழ வேண்டுமானால் சூட்கேஸில் இருக்கும் ஃபைல் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை. கவுண்டரில் இருந்த அதிகாரியின் பெயர்ப்பட்டையைச் சித்தி எழுத்துக்கூட்டிப் படித்து, ஏதோ 'சாமி' என்று முடிவதைப் பார்த்துவிட்டு, நம்மாள்தான் என்று தமிழில் முழுக் கதையையும் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வணக்கம், அம்மா" என்று சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். இங்கே தமிழ் வம்சாவளிக் குடும்பங்களில் பெயரும் கோவிலும் காவடியும் தமிழ், வீட்டுப் பேச்சு பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து வந்த கிரியோல் மொழி. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்று உங்கள் பெற்றோரிடம் சொல்லி வையுங்கள்.

நல்லவேளையாகப் படிவத்தில் என் கணவரின் எண் இருந்தது. வெளியே காத்திருந்த எங்களுக்கு அதிகாரியே போன் செய்து, வீட்டு முகவரி, என்ன வேலை, எத்தனை நாள் என்று கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார். 20 நிமிடத்தில் முடிந்துவிட்டது. எனக்கு அது ஒரு யுகமாகத் தெரிந்தது, எட்டு மாத வயிற்றோடு நின்றுகொண்டிருந்தேன். ஆக, ஃபைல் கைப்பையில். கைப்பை தோளில். இதை இரண்டு முறை சொல்லுங்கள், மூன்றாவது முறை விமான நிலையத்தில் திறந்து பாருங்கள்.

முத்திரை விழுந்ததும் அங்கேயே நின்று தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். 60 நாள் என்பது மேல் வரம்பு. டிக்கெட் தேதியைப் பார்த்துக் குறைவாகவும் போடலாம். அந்தத் தேதிதான் கணக்கு, நாம் மனதில் நினைத்துக்கொண்டிருக்கும் 60 இல்லை.

சுங்கத்தில் ஒரு சின்னக் கூத்து. அம்மா ஈரத்துணியில் சுற்றி ஒரு கட்டு கறிவேப்பிலையும், வீட்டு மரத்து முருங்கை விதை ஒரு பிடியும் கொண்டுவந்திருந்தார். தீவு என்பதால் செடி, இலை, விதை விஷயத்தில் கண்டிப்பு அதிகம், அனுமதி இல்லாமல் விட மாட்டார்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். அம்மாவே எடுத்துக் காட்டிவிட்டதால் திட்டு இல்லை. மறுநாள் ரோஸ் ஹில் சந்தைக்குக் கூட்டிப் போனேன். கறிவேப்பிலை கட்டுக்கட்டாகக் கிடக்கிறது, கிரியோலில் அதற்குப் பெயரே 'கரிப்புலே'. பக்கத்திலேயே முருங்கைக்கீரை, 'ப்ரேத் முரூம்' என்ற பெயரில். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்த கதையாகிவிட்டது. பொடி வகை, வடகம், அப்பளம் பாக்கெட்டில் போட்டு வந்தால் எங்களுக்குப் பிரச்சினை வரவில்லை. பச்சையாக எதுவும் வேண்டாம்.

மாத்திரைகளை டப்பாவில் கொட்டி எடுத்து வராமல் அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு எடுத்து வரச் சொல்லுங்கள். சில தூக்க மாத்திரைகளுக்கும் கடுமையான வலி மாத்திரைகளுக்கும் இங்கே முன் அனுமதி வேண்டும். அப்படி ஏதாவது சாப்பிடுகிறார்கள் என்றால் அண்ணனை முதலிலேயே விசாரிக்கச் சொல்லுங்கள். ஆப்பிரிக்கா வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் பற்றியும் பார்த்துக்கொள்ளுங்கள். பம்பாய் வழியாக நேரே வந்தால் அந்தக் கவலை இல்லை.

60 நாளுக்கு மேல் தங்க முடியுமா என்பதற்கு: முடியும், ஆனால் தானாக நடக்காது. சித்தி மூன்று வாரத்தில் கிளம்பிவிட்டார். அம்மா இருக்க வேண்டியிருந்தது. தலைநகர் போர்ட் லூயிஸில் லிஸ்லே ஜெஃப்ராய் தெருவில், ஸ்டெர்லிங் ஹவுஸ் என்ற கட்டடத்தில் பாஸ்போர்ட், குடியேற்ற அலுவலகம் இருக்கிறது. இங்கே அது போலீஸ் துறையின் ஒரு பிரிவு. முத்திரையில் இருக்கும் தேதி முடிவதற்கு முன்பே போய், எதற்காகக் கூடுதல் நாள் வேண்டும் என்று கடிதம் எழுதி, பாஸ்போர்ட், தேதி மாற்றிய டிக்கெட், வீட்டுக்காரர் காகிதங்கள் எல்லாம் கொடுத்தோம். மருத்துவமனைச் சீட்டும் வைத்தேன். கிடைத்தது. சுற்றுலாவாக வருபவர் ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 180 நாள் வரைதான் இருக்கலாம் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேதி முடிந்த பிறகு போய் நின்றால் பேச்சே வேறு.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், படிக்கும் வேறு யாருக்காவது ஆகும். "முதலில் டூரிஸ்டாகப் போய் இறங்கு, வேலை அனுமதியை அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். சுற்றுலா முத்திரையோடு வேலை பார்ப்பது சட்டப்படி குற்றம். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் இப்படி வந்து, ஓட்டல் எங்கே என்று கேட்டதற்குப் பதில் தெரியாமல், அடுத்த விமானத்திலேயே திரும்பினான். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

இன்னொன்று, கையில் இங்கத்துப் பணம். இதுவும் ரூபாய்தான், ஆனால் நம் ரூபாய் இல்லை, கடையில் வாங்க மாட்டார்கள். விமான நிலையத்தில் கொஞ்சமாக மாற்றிக்கொண்டால் டாக்சிக்கு ஆகும். நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் அம்மா அதைப் படித்துப் படித்துப் பார்த்தார். 100 ரூபாய் நோட்டில் இருப்பவரும் தமிழ் வம்சாவளி அமைச்சர், ரெங்கநாதன் சீனிவாசன். 1998இல் புது நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்தபோது இங்கத்துத் தமிழர்கள் போராடி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள்.

கடைசியாக, "பக்கத்தில்தானே ரீயூனியன் தீவு, முக்கால் மணி நேர விமானம்தானே, அதையும் பார்த்துவிட்டு வரட்டும்" என்று அண்ணன் சொல்லக்கூடும். சித்திக்கும் அந்த ஆசை வந்தது. ரீயூனியன் பிரான்சின் ஒரு பகுதி, மொரீஷியஸ் முத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐரோப்பா போகும் ஷெங்கன் விசா இருந்தாலும் அங்கே செல்லாது, ரீயூனியன் என்று குறிப்பிட்ட பிரெஞ்சு விசா தனியாக வேண்டும். ஊரிலிருந்தே ஏற்பாடு செய்யாமல் இங்கே வந்து யோசிப்பதில் பயனில்லை.

அந்தப் பயணம் இல்லை என்றானதும், சித்தியைப் போர்ட் லூயிஸில் 'ஆப்ரவாசி காட்' என்ற இடத்துக்குக் கூட்டிப் போனோம். 1834இலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய துறைமுகப் படிகள். சித்தி ஏறி, இறங்கி, எண்ணிப் பார்த்துவிட்டு, "இவங்ககிட்ட ரிட்டர்ன் டிக்கெட் கேட்டாங்களா?" என்றார். கணவர் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டுச் சொன்னார்: 5 வருட ஒப்பந்தம், திரும்புகிற கப்பல் செலவு ஆரம்பத்தில் ஒப்பந்தத்திலேயே இருந்ததாம், பிறகு எடுத்துவிட்டார்களாம். சித்தி கைப்பையைத் திறந்து பச்சை ஃபைல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.