ஒரே ஆட்டு மந்தை, இரண்டு விலை

கேள்வி: ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பணிபுரிகிறேன். ஓர் ஏல நிறுவனத்தின் பட்டியலில், ஆடுமாடுகளைத் தீட்டிய ஜெர்மானிய ஓவியர் ஹைன்ரிஹ் ஃபான் சூகலின் பெயரோடு இரண்டு ஆட்டு மந்தை ஓவியங்களைப் பார்த்தேன். அளவும் காட்சியும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஒன்றின் மதிப்பீடு மற்றதைவிடப் பன்மடங்கு அதிகம். மலிவானதிலும் கையொப்பம் இருக்கிறது. அதை வாங்கலாமா? ஏலத் தொகைக்கு மேல் என்னென்ன செலவாகும்?
– வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: கையொப்பத்தைப் பார்ப்பதற்கு முன், பட்டியலில் ஓவியரின் பெயரை ஒட்டி என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். பெயர் மட்டும் இருந்தால், அது சூகலின் கைவேலை என்று நிறுவனம் பொறுப்பேற்கிறது. ‘ட்சுகெஷ்ரீபன்’ என்றிருந்தால் அவருடையதாகக் கருதப்படுகிறது, அவ்வளவே. ‘உம்கிரைஸ்’ என்றால் அவரைச் சூழ்ந்திருந்தவர்களில் ஒருவருடையது. ‘நாஹ்ஃபோல்கே’ என்றால் அவர் பாணியைப் பின்பற்றிய யாரோ ஒருவருடையது. உங்கள் இரண்டு ஓவியங்களுக்கும் இடையிலுள்ள விலை வேறுபாடு பெரும்பாலும் இந்த ஒரு சொல்லில்தான் அடங்கியிருக்கும்.

சூகல் விஷயத்தில் இந்தக் குழப்பம் மற்றவர்களைவிடச் சற்று அதிகம். அதற்குக் காரணமும் உண்டு. 1850-இல் முர்ஹார்ட் என்ற சிற்றூரில் ஆடு வளர்ப்பவரின் மகனாகப் பிறந்த அவர், 1895 முதல் மியூனிக் கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். கோடைதோறும் ரைன் நதிக்கரையிலுள்ள வோர்த் என்ற ஊருக்கு மாணவர்களை அழைத்துச் சென்று, மாடுகளையும் ஆடுகளையும் வெயிலில் நிறுத்தி, அங்கேயே வண்ணத்தில் தீட்டவைத்தார். ஒரே புல்வெளி, ஒரே விலங்குகள், ஒரே வெளிச்சம், ஒரே ஆசிரியர். பிற்காலத்தில் சிங்கங்களுக்கும் குதிரைகளுக்கும் பெயர்பெற்ற ஓட்டோ டில் போன்றவர்கள் அவரிடம் பயின்றவர்களே. இத்தகைய சூழலில் பிறந்த நல்லதொரு மாணவர் ஓவியத்தின்மீது, பின்னாளில் எவரோ ஆசிரியரின் பெயரை எழுதிவிடுவது கடினமான காரியமன்று.

அதனால் ஏலத்துக்கு முந்தைய பார்வை நாள்களில் நேரில் சென்று, உருப்பெருக்கியால் கையொப்பத்தைப் பாருங்கள். பழைய வண்ணப் படலத்தில் நுண்ணிய வெடிப்புகள் ஓடியிருக்கும். கையொப்பமும் அவற்றோடு சேர்ந்தே பிளந்திருந்தால் நல்லது. அதன் வண்ணம் வெடிப்புக்குள் இறங்கிப் பாய்ந்திருந்தால், படலம் காய்ந்து வெடித்த பிறகே அது எழுதப்பட்டிருக்கிறது. ஓவியத்தின் பின்புறத்தையும் காட்டச் சொல்லுங்கள். மரச்சட்டத்தில் ஒட்டிய பழைய சீட்டுகள் சில வேளைகளில் முன்புறத்தைவிட அதிகம் சொல்லும். ஓய்கன் டீம் 1975-இல் வெளியிட்ட சூகல் படைப்புப் பட்டியலின் எண் ஏலப் பட்டியலில் தரப்பட்டிருந்தால், அதைவிட உறுதியான சான்று எளிதில் கிடைக்காது.

உண்மையான சூகல்களுக்குள்ளும் விலை ஒன்றல்ல. தொடக்ககாலப் படங்கள் பழுப்பு நிறத்தில், ஒவ்வொரு மயிரும் தெரியும்படி நுணுக்கமாக இருக்கும். பிற்காலத்தில் தூரிகை அகன்று, ஆட்டின் முதுகில் இலைநிழல் நீலமும் ஊதாவுமாக விழுகிறது. என் கண்ணுக்குப் பின்னவையே மேல்.

செலவைப் பொறுத்தவரை, ஏலத் தொகையின்மேல் ‘அவுஃப்கெல்ட்’ எனப்படும் நிறுவனக் கட்டணம் சேரும். அது 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 6,000 யூரோவுக்கு எடுத்த ஓவியத்துக்கு நீங்கள் 7,500 யூரோ கொடுக்க வேண்டும். மதிப்புக்கூட்டு வரி இதில் அடக்கமா, தனியா என்பதை ஏல நிபந்தனைகளில் படித்துக்கொள்ளுங்கள். மறுவிற்பனை உரிமைத் தொகை என்றொன்றும் உண்டு. ஓவியர் இறந்து எழுபது ஆண்டுகள் வரை, 400 யூரோவுக்குக் குறையாத மறுவிற்பனையில் அவருடைய வாரிசுகளுக்கு ஒரு பங்கு சேர வேண்டும் என்பது ஜெர்மானியச் சட்டம். சூகல் 1941-இல் மறைந்ததால் அவர் ஓவியங்களுக்கு அந்த உரிமை 2011-உடன் முடிந்துவிட்டது. 1957-இல் மறைந்த டில்லின் ஓவியங்களுக்கோ 2027 முடியும்வரை உண்டு. சட்டப்படி அது விற்பவரின் கடமைதான். ஆனாலும் பல நிறுவனங்கள் அதில் ஒரு பகுதியை வாங்குபவர் தலையில் வைக்கின்றன.

‘உம்கிரைஸ்’ என்று குறிக்கப்பட்ட ஓவியம் உங்களுக்குப் பிடித்திருந்தால், மாணவர் ஓவியத்துக்கு உரிய விலையில் தாராளமாக வாங்கலாம்; கையொப்பத்துக்காக ஒரு யூரோவும் கூட்டிக் கேட்காதீர்கள். அவசரமும் வேண்டாம். ஏலத்தில் விலைபோகாதவற்றைப் பல நிறுவனங்கள் அடுத்த சில வாரங்களில் ‘நாஹ்ஃபெர்கவுஃப்’ என்ற பெயரில் நேரடியாக விற்கின்றன. போட்டிக்கு ஆளில்லாத அப்போது, மதிப்பீட்டுக்குக் கீழேயும் பேரம் பேசிப் பார்க்கலாம்.