மகள் ஆஸ்திரேலியாவில் தெருவில் நின்று நிதி திரட்டப் போகிறாளாம், அனுப்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு 25 வயது. பி.காம். முடித்துவிட்டு கோவையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். ஆஸ்திரேலியாவில் ஒரு வருடம் ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்கும் விசாவுக்கான குலுக்கலில் பெயர் வந்திருக்கிறது. அங்கே போய் ஏதோ தொண்டு நிறுவனத்துக்காகத் தெருவில் நின்று பணம் திரட்டும் வேலை பார்ப்பேன் என்கிறாள். "உண்டியல் குலுக்கவா இவளைப் படிக்க வைத்தோம்" என்று அவள் அப்பா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் சாரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். அந்த வேலையில் உண்டியலே கிடையாது. பெரும்பாலும் ரொக்கத்தைக் கையால் தொடவே விடமாட்டார்கள். இங்கே எஸ்.ஐ.பி.க்கு ஆட்டோ டெபிட் போடுகிறோமே, அதே மாதிரி நன்கொடையாளரின் வங்கிக் கணக்கிலிருந்தோ கார்டிலிருந்தோ மாதாமாதம் ஒரு தொகை தொண்டு நிறுவனத்துக்குப் போகும்படி டேப்லட்டில் பதிவு செய்து தர வேண்டும். 1990களின் நடுவில் ஆஸ்திரியாவில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்புக்காகத் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய முறை இது. சென்னை மால்களிலும் கழுத்தில் அடையாள அட்டையுடன் "ஒரு நிமிஷம் சார்" என்று நிற்கும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலையில் அலுவலகத்தில் கூடி ஒருவருக்கொருவர் பேசிப் பார்ப்பார்கள்: ஒருத்தி நன்கொடையாளர், இன்னொருத்தி திரட்டுபவர். அப்புறம் டி-ஷர்ட், அட்டை, டேப்லட்டோடு மெல்பர்னின் பர்க் ஸ்ட்ரீட் மால், சிட்னியின் பிட் ஸ்ட்ரீட் மால் போன்ற இடங்களிலோ, புறநகர் வணிக வளாகங்களிலோ, வீடு வீடாகவோ போய் நிற்க வேண்டும். வருகிறவர்களில் பெரும்பாலோர் காதில் இயர்போனோடு நேராகப் பார்த்தபடி கடந்து போவார்கள். சிலர் சிரித்துக் கையசைப்பார்கள். சிலர் எரிந்து விழுவார்கள். நின்று கேட்கிறவர் அரை நிமிடம்தான் தருவார். அந்த அரை நிமிடத்தில் சிரிப்பும் கதையும் தொகையும் வந்துவிட வேண்டும். போதையில் இருப்பவர், குழப்பத்தில் இருப்பவர் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தாலும் வாங்கக் கூடாது. பிரிட்டனில் மூன்று எட்டுக்கு மேல் யாரையும் பின்தொடரக் கூடாது என்று இந்தத் துறையில் விதியே வைத்தார்கள். தொல்லை தாங்காமல் மக்கள் புகார் செய்ததால் வந்த விதி அது.

ஆக, தெருவில் நிற்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஐரோப்பாவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வரும் பட்டதாரிகள்தான் அங்கே பக்கத்தில் நிற்பார்கள். என் கவலை வேறு இடத்தில். சம்பளம் எந்த வகையில் தருகிறார்கள் என்பதை உங்கள் மகள் கேட்டாளா?

இந்த வேலையைப் பெரும்பாலும் தொண்டு நிறுவனம் நேரடியாகத் தருவதில்லை. ஏஜென்சிகள் ஆள் எடுத்து நிறுத்துகின்றன. அதில் இரண்டு ரகம். ஒன்று, மணிக்கணக்குச் சம்பளம், அதற்கு மேல் போனஸ். ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை முதல் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர். நிரந்தரமில்லாத கேஷுவல் ஆளுக்கு அதன்மேல் 25 சதவீதம் கூடுதல். இது ஆண்டுதோறும் ஜூலையில் மாறும், போகும்போது புதிய தொகையைப் பார்த்துக்கொள்ளட்டும். இன்னொரு ரகம், கமிஷன் மட்டும். ஆள் சேர்த்தால் காசு, சேர்க்காவிட்டால் நாள் முழுக்க வெயிலில் நின்றதற்குச் சல்லிக்காசு கிடையாது. சேர்த்த ஆள் ஓரிரு மாதத்தில் நன்கொடையை நிறுத்திவிட்டால் கொடுத்த கமிஷனைத் திருப்பிப் பிடிக்கிற இடங்களும் உண்டு.

எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது "டி.எஃப்.என். கொடு" என்றால் அது ஊழியரின் வரி எண், நல்லது. "ஏ.பி.என். எடுத்துக்கொண்டு வா" என்றால் அங்கேயே நிறுத்தி யோசிக்க வேண்டும். ஏ.பி.என். என்பது தொழில் நடத்துபவருக்கான எண். அதை வாங்கிக் கொடுத்தவுடன் காகிதத்தில் உங்கள் மகள் ஊழியர் இல்லை, ஒரு தனித் தொழில்முனைவோர். குறைந்தபட்ச ஊதியம் கிடையாது, முதலாளி கட்டும் ஓய்வூதியப் பங்கு கிடையாது, வரியையும் அவளே கட்ட வேண்டும். ஆனால் எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்தத் தெருவில் நிற்க வேண்டும், என்ன பேச வேண்டும், என்ன உடுத்த வேண்டும் என்பதையெல்லாம் ஏஜென்சிதான் சொல்லும். உண்மையில் ஊழியராக வேலை வாங்கிக்கொண்டு தாளில் மட்டும் ஒப்பந்தக்காரர் என்று காட்டுவது அந்நாட்டில் சட்டவிரோதம். ஊழியர் உரிமைகளைக் கவனிக்கும் ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மேன் என்ற அரசு அலுவலகத்தில் (13 13 94) முறையிடலாம். தமிழில் பேச வேண்டுமென்றால் 131 450 என்ற அரசு மொழிபெயர்ப்புச் சேவை வழியாகப் பேசலாம். இந்த இரண்டு எண்ணும் அவள் போனில் இருக்கட்டும்.

மணிக்கணக்குச் சம்பளம் தருகிற நல்ல ஏஜென்சியிலும் இலக்கு இருக்கும். முதல் ஓரிரு வாரத்தில் இத்தனை பேரைச் சேர்க்கவில்லை என்றால் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். இது அங்கே சாதாரணம், அவமானமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் அந்த வாரத்து வாடகையை எங்கிருந்து கொடுப்பாள்? விசாவுக்கே ஏறத்தாழ 5,000 டாலர், அதாவது சுமார் மூன்று லட்சம் ரூபாய் கையிருப்பு காட்டச் சொல்கிறார்கள். பலர் உறவினரிடம் வாங்கிக் கணக்கில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதைச் செய்யவே விடாதீர்கள். அந்தப் பணம் உண்மையாகவே அவள் கையில் இருக்க வேண்டும்.

விசா பற்றியும் கொஞ்சம். இது 462 எனப்படும் வொர்க் அண்ட் ஹாலிடே விசா. இந்தியா-ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தத்தின் பலனாக 2024 செப்டம்பரில் நமக்குத் திறந்தது. 18 முதல் 30 வயது வரை, ஆண்டுக்கு 1,000 இடம், 12 மாதத் தங்கல். ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்க முடியாது. இரண்டாம் ஆண்டு விசா வேண்டுமென்றால் குறிப்பிட்ட பகுதிகளில் விவசாயம், சுற்றுலா போன்ற குறிப்பிட்ட வேலைகளில் மூன்று மாதம் காட்ட வேண்டும். தெருவில் நிதி திரட்டியது அந்தக் கணக்கில் வராது. இதைத் தெரியாமல் வருடம் முழுக்க நகரத்திலேயே கழித்துவிட்டுக் கடைசியில் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

வரியும் பிடிப்பார்கள். இந்த விசாக்காரர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம், 45,000 டாலர் வருமானம் வரை. ஓய்வூதியக் கணக்கில் சேரும் பணத்தை ஊர் திரும்பும்போது எடுத்தால் 65 சதவீதம் வரியாகப் போய்விடும். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். உங்கள் மகள் கணக்குப் பிரிவில் இருப்பவள், இதையெல்லாம் என்னைவிட நன்றாகவே போட்டுப் பார்ப்பாள்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. சில ஏஜென்சிகள் நாலைந்து பேரை ஒரு குழுவாகச் சேர்த்து, காரும் தங்குமிடமும் கொடுத்து, வாரக்கணக்கில் சிறு நகரங்களுக்கு அனுப்புகின்றன. ஊர் பார்க்க ஆசைப்படுகிற பெண்ணுக்கு வாடகைச் செலவில்லாமல் நாட்டைப் பார்க்கிற வாய்ப்பு. கேட்க வேண்டியவை: தங்குமிடச் செலவைச் சம்பளத்தில் பிடிப்பார்களா, பெண்களுக்குத் தனி அறை உண்டா, மாலையில் வீடு வீடாகப் போகும்போது தனியாக அனுப்புவார்களா ஜோடியாகவா. பதில் சொல்ல மழுப்பினால் அந்தக் குழு வேண்டாம். எந்தத் தொண்டு நிறுவனத்துக்காகத் திரட்டுகிறார்கள் என்பதை ஏ.சி.என்.சி. என்ற அரசு ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம்.

இங்கிருந்தே வேலையை உறுதி செய்து தருகிறோம், குலுக்கலில் பெயர் வரவழைக்கிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்கிற ஏஜென்ட் யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். குலுக்கலைக் கணினிதான் செய்கிறது. இந்த வேலைக்குப் பெரும்பாலும் அங்கே போய் இறங்கிய பிறகுதான் ஆள் எடுப்பார்கள், நேர்காணலும் ஒரு நாள் சோதனையும்தான்.

மாணவர் விசாவில் போகிறவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் படிப்பு நடக்கும் காலத்தில் இரு வாரத்துக்கு 48 மணி நேர வரம்பு. பிரிட்டனில் பட்டப் படிப்பு மாணவர்களுக்கு வாரம் 20 மணி, அதோடு சுயதொழில் அறவே கூடாது. கமிஷன் மட்டும் தரும் வேலை அங்கே சுயதொழிலாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. தெரியாமல் சேர்ந்தாலும் விசா விதியை மீறியதாகிவிடும். சுற்றுலா விசாவில் இந்த வேலை என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, இது உங்கள் மகளுக்குப் பொருந்துமா? அவள் அமைதியானவளா கலகலப்பானவளா என்று நீங்கள் எழுதவில்லை. கலகலப்பு மட்டும் போதாது. நாள் முழுக்க "வேண்டாம்" என்பதைக் கேட்டுவிட்டு மறுநாளும் அதே முகத்தோடு போய் நிற்கிறவர்களுக்குத்தான் இது சரிப்படும். புறப்படும் முன் சில வார இறுதிகள் கோவையிலோ சென்னையிலோ ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்துக்காக இதே வேலையைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் அங்கே உணவகம், பண்ணை, ஹோட்டல் என்று வேறு வேலைகள் இருக்கின்றன, விசா ஒன்றுதான்.

திரும்பி வந்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் சாரின் அடுத்த கேள்வியாக இருக்கும். கணக்கும் தெரியும், முன்பின் தெரியாதவரிடம் பேசிப் பணம் கேட்கவும் தெரியும் என்றால், தொண்டு நிறுவனங்களின் நிதிப் பிரிவும் விற்பனைத் துறையும் அவளை ஏறெடுத்துப் பார்க்கும். கம்பெனிகள் சட்டம் 2013 வந்த பிறகு குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டியிருக்கிறது, அதைக் கேட்டு வாங்கவும் கணக்குக் காட்டவும் ஆட்கள் தேவை. ஆனால் பயோடேட்டாவில் "ஊர் சுற்றினேன்" என்று எழுதினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வாரம் எத்தனை பேரைச் சேர்த்தாள், அவர்களில் எத்தனை பேர் நீடித்தார்கள் என்பதை அவள் அங்கேயே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கோவை வேலையை ராஜினாமா செய்வதற்கு முன் ஒரு வருடச் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பார்க்கட்டும். சிறிய கம்பெனிகள் சில நேரம் ஒத்துக்கொள்கின்றன. அங்கே போய் வேலைக்கான ஒப்பந்தம் கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு பிரதியை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எனக்கும் அனுப்புங்கள், சம்பளப் பகுதியை நானும் படித்துச் சொல்கிறேன்.