சுருக்கிய லாக் கோப்பு மறுபடி 900 எம்பி ஆவது ஏன்?

கேள்வி: எங்கள் இரண்டு லினக்ஸ் வெப் சர்வர்களும் என்.எஃப்.எஸ். மவுண்டில் (நெட்வொர்க் வழியாக வேறொரு மெஷினின் டிஸ்க்கைப் பயன்படுத்தும் முறை) இருக்கும் ஒரே லாக் கோப்பில் எழுதுகின்றன. நள்ளிரவில் முதல் சர்வரில், லாக் கோப்புகளைச் சுழற்றும் லாக்ரொட்டேட், காப்பிட்ரன்கேட் முறையில் (நகலெடுத்துவிட்டு அதே கோப்பைப் பூஜ்யமாகச் சுருக்குவது) ஓடும். கோப்பு பூஜ்யமாகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி 900 எம்பி காட்டுகிறது. திறந்தால் உள்ளே பெரும்பகுதி வெறும் பூஜ்ய பைட்டுகள். சில வரிகளும் காணாமல் போகின்றன. கோப்பின் அளவு போன்ற விவரங்களை நினைவில் வைக்காதே என்னும் நோஏசி மவுண்ட் விருப்பத்தைப் போட்டுப் பார்த்தோம், வேகம் குறைந்ததுதான் மிச்சம். கர்னலை (லினக்ஸின் மையப் பகுதியை) மாற்ற வேண்டுமா?

பதில்: கர்னலை மாற்றிப் பயனில்லை. இரண்டு மெஷின்கள் ஒரே கோப்பின் கடைசியில் எழுதுவதை நிறுத்துங்கள். அதுதான் தீர்வு.

என்.எஃப்.எஸ். நெறிமுறையில் ‘கோப்பின் கடைசியில் சேர்’ என்று ஒரு கட்டளையே கிடையாது. ‘இத்தனையாவது பைட்டிலிருந்து இதை எழுது’ என்பது மட்டும்தான் உண்டு. உங்கள் புரோகிராம் அப்பெண்ட் முறையில் கோப்பைத் திறந்தாலும், கடைசி எங்கே என்பதை கிளையன்ட்தான் (இங்கே உங்கள் வெப் சர்வர் ஒவ்வொன்றும்) தன் கணக்கை வைத்து முடிவு செய்கிறது. அந்தக் கணக்கு, கோப்பை வைத்திருக்கும் என்.எஃப்.எஸ். சர்வர் எப்போதோ சொன்ன அளவு. சாதாரணக் கோப்புக்கு அதைக் குறைந்தது 3 நொடி, அதிகபட்சம் 60 நொடி வரை நம்பலாம் என்பது லினக்ஸின் இயல்பான அமைப்பு.

இப்போது நள்ளிரவுக்கு வாருங்கள். முதல் சர்வர் கோப்பைப் பூஜ்யமாக்குகிறது. இரண்டாவதுக்கு அது தெரியாது, அதன் நினைவில் இன்னும் 900 எம்பிதான். அடுத்த வரியை 900 எம்பி தள்ளிப் போய் எழுதச் சொல்கிறது. என்.எஃப்.எஸ். சர்வர் எதுவும் கேட்காமல் அங்கேயே எழுதிவிடும், நடுவில் இருப்பது ஓட்டை (டிஸ்க்கில் இடம் பிடிக்காத வெற்றிடம்). படிக்கும்போது அந்த ஓட்டைதான் பூஜ்ய பைட்டுகளாக வருகிறது.

வரிகள் காணாமல் போவதும் இதே கதைதான். இரண்டு பேருமே கோப்பு 1000 பைட் என்று நினைத்திருக்கும்போது ஒருவர் 200 பைட்டும் மற்றவர் 150 பைட்டும் எழுதினால், இரண்டுமே 1000-இல் போய் விழும். பின்னால் வந்தது முன்னதன் மேல் ஏறிவிடும். (காப்பிட்ரன்கேட் தன் பங்குக்கும் கொஞ்சம் தின்னும்: நகலெடுத்து முடித்துச் சுருக்குவதற்குள் வந்த வரிகள் போனதுதான்.)

உறுதி செய்துகொள்வது சுலபம். எல்எஸ் கட்டளை காட்டும் கோப்பின் நீளத்தையும், டியூ கட்டளை காட்டும் உண்மையில் பிடித்த டிஸ்க் இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னது 900 எம்பி, பின்னது சில எம்பி என்றால் ஓட்டைதான். கோப்பின் தலைப்பகுதியில் முதல் சர்வரின் வரிகள், பூஜ்யங்களுக்கு அப்புறம் இரண்டாவதன் வரிகள் என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். கோப்பை உள்ளூர் டிஸ்க்குக்கு நகலெடுத்து, டிஆர் கட்டளையால் பூஜ்ய பைட்டுகளை நீக்கினால் மிச்சமுள்ள வரிகள் கிடைக்கும். மேலெழுதப்பட்டவை திரும்பி வராது.

நோஏசி ஏன் உதவவில்லை? அளவைக் கேட்பது ஒரு கோரிக்கை, எழுதுவது இன்னொரு கோரிக்கை. இரண்டுக்கும் நடுவில் அடுத்தவர் புகுந்துவிடலாம். நோஏசி அந்த இடைவெளியைக் குறைக்கும், மூடாது. அதோடு ஒவ்வொரு முறை எழுதும்போதும் சர்வர் பதிலுக்காகக் காக்க வைக்கும். அதை எடுத்துவிடுங்கள்.

என் முதல் தேர்வு, மெஷினுக்கு ஒரு கோப்பு: பெயரில் ஹோஸ்ட் பெயரைச் சேர்த்து, சுழற்சியையும் அந்தந்த மெஷினே பார்த்துக்கொள்ளட்டும். ஒரே இடத்தில் சேர்ந்துதான் வேண்டும் என்றால் ஆர்சிஸ்லாக் மாதிரி லாக் சேகரிக்கும் புரோகிராம் ஒன்றுக்கு அனுப்பி, அது ஒன்று மட்டும் எழுதட்டும். ஒரே கோப்பை விடவே முடியாது என்றால் பூட்டு (ஒருவர் எழுதும்போது மற்றவரைக் காக்க வைப்பது). லினக்ஸ் 2.6.12-இலிருந்து எஃப்லாக் பூட்டும் என்.எஃப்.எஸ். சர்வர் வரை போகிறது. பூட்டு கிடைத்ததும் கிளையன்ட் பழைய கணக்கைத் தூக்கிப்போட்டுப் புதிதாகக் கேட்கும், விடும்போது எழுத வேண்டியதை எழுதி முடிக்கும். ஆனால் மவுண்டில் நோலாக் விருப்பம் இருந்தால் பூட்டு அந்த மெஷினுக்குள்ளேயே நின்றுவிடும், அதனால் மவுண்ட் விருப்பங்களைக் காட்டும் என்எஃப்எஸ்ஸ்டாட்டை -எம் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். லாக்ரொட்டேட் இந்தப் பூட்டைக் கண்டுகொள்ளாது, ஆகவே காப்பிட்ரன்கேட்டை விட்டுப் பெயர் மாற்றும் முறைக்குப் போக வேண்டும். பெயர் மாற்றிய பிறகு இரண்டு மெஷின்களிலும் புரோகிராமுக்கு சிக்னல் அனுப்பிப் புதிய கோப்பைத் திறக்கச் செய்யாவிட்டால், இரண்டாவது பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும்.

ஒரே ஒரு மெஷின் மட்டும் எழுதி, வேறு யாரும் கோப்பைத் தொடாமலும் அளவு தவறினால் அது வேறு விஷயம். அப்போது கிளையன்ட் மேலேயே சந்தேகப்படலாம். எழுத வேண்டியதை இன்னும் அனுப்பாமல் கையில் வைத்திருக்கும்போது சர்வரிடமிருந்து பழைய அளவு தாமதமாக வந்தால், அதை நம்பிக் கோப்பைச் சுருக்கிவிடக் கூடாது. லினக்ஸ் கிளையன்டில் இதற்கென்றே சோதனைகள் உண்டு, பிழை நுழையக்கூடிய இடமும் அதுவே. 32 பிட் மெஷின் என்றால் இன்னொரு தொல்லை: 64 பிட் அளவை இரண்டு பாதியாகத்தான் எழுத முடியும், பூட்டில்லாமல் இரண்டு திரிகள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) எழுதினால் கணக்கு குழம்பும். என்.எஃப்.எஸ். பயன்படுத்தும் 2049 போர்ட்டில், நெட்வொர்க் போக்குவரத்தைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப் வைத்து, கெட்அட்டர் (கோப்பின் விவரங்களைக் கேட்கும் கோரிக்கை) பதிலில் வந்த அளவையும் அடுத்த ரைட் கோரிக்கை எந்த பைட்டில் தொடங்குகிறது என்பதையும் ஒப்பிடுங்கள். முரண் தெரிந்தால் அந்தப் பதிவு, கர்னல் பதிப்பு, மவுண்ட் விருப்பங்கள் மூன்றையும் சேர்த்துப் புகார் கொடுங்கள்.