நெடுந்தீவு, நயினாதீவு, யாழ் கோட்டை: ஒரே நாளில் முடியுமா?

யாழ்ப்பாணத்துக்குச் சுற்றிப் பார்க்கப் போனால், இந்த இரண்டு தீவுகளும் கோட்டையும் ஒரே நாளில் அடங்காது. கோட்டையை மறுநாள் மாலைக்குத் தள்ளுங்கள்.

இரண்டு தீவுகளுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையில்தான் ஏறுகிறோம் என்பதால் தூரமும் ஒன்றென்று நினைத்திருப்பீர்கள். நயினாதீவுக்குச் சுமார் 20 நிமிடம். நெடுந்தீவுக்கோ ஒரு மணி நேரம், படகும் குறைவு.

புறப்படுவதற்கு முந்தின நாளே, நெடுந்தீவிலிருந்து திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள். மற்றதையெல்லாம் அதை வைத்தே கணக்கிடுங்கள். அங்கே இறங்கியதும் ஆட்டோ பேசிவிடுங்கள், வெயிலில் நடக்க முடியாது. பெருக்கமரமும் (பாவோபாப்) காட்டுக் குதிரைகளும் எல்லோரும் பார்ப்பவை. எனக்கென்னவோ, சாந்தே இல்லாமல் முருகைக்கற்களை (பவளப்பாறைக் கற்களை) அடுக்கிக் கட்டிய வேலிகளுக்காகவே போகலாம்.

காற்றுக் கடுமையான நாளில் படகு ஓடாமலும் போகலாம். அப்படியானால் அன்றே கோட்டைக்குப் போய்விடுங்கள். 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கைப்பற்றிய அந்தக் கோட்டையின் மதில்மேல் கடற்காற்று இலவசம்.